கவர்தலும் கவர்ச்சியும்: ஃப்ளோரன்ஸில் ஒரு பகல்

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் தொனாத்தெல்லோ வார்த்த யூதித்தின் வெண்கலச் சிலை கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் பலமுறை இடம் மாறியிருக்கிறது. அவற்றில் இரண்டு இடமாற்றங்களுக்குக் காரணம் ஒன்றுதான். அவள் நின்ற இடம் வேறொரு சிலைக்குத் தேவைப்பட்டது. முதல் முறை மைக்கேலாஞ்சலோவின் தாவீதுக்கு. அடுத்த முறை, ஒரு பெண்ணை ஒருவன் தூக்கிச் செல்லும் சிலைக்கு. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த நாளிலிருந்தே அந்தச் சதுக்கத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. கோடை விடுமுறை ஒன்றில் அது வாய்த்தது. அக்கா மகள் மிலானில் முதுகலை படிக்கிறாள். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஃப்ளோரன்ஸ். காலையில் போய் இரவு திரும்புவதாகத் திட்டம். கையில் ஒரு பகல்தான் இருந்தது.

சுற்றுலாப் பயணிக்கு ஒரு நகரம் பிரதியாகத்தான் கிடைக்கிறது. யாரோ தொகுத்து, யாரோ பதிப்பித்து, இன்னின்னதைப் பார் என்று யாரோ உள்ளடக்கம் போட்டுத் தந்த பிரதி. இலக்கியம் படித்தவளுக்கு அதை வாசிக்க ஒரு வழி தெரியும். எது முதல் பக்கத்தில் இருக்கிறது, எது பின்னிணைப்புக்குப் போயிருக்கிறது, எது அடித்து எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யூதித்து நூல் கத்தோலிக்கரின் விவிலியத்தில் உண்டு, சீர்திருத்தச் சபைகளின் பைபிளில் இல்லை. அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசீரியப் படைத்தலைவன் ஒலோபெரின் பெத்தூலியா நகரை முற்றுகையிடுகிறான். ஊருக்குத் தண்ணீர் வரும் வழி அடைபடுகிறது. பெரியவர்கள் சரணடைய நாள் குறிக்கிறார்கள். அப்போது யூதித்து என்ற கைம்பெண், கைம்மைக்கோலத்தைக் களைந்து தன்னை அலங்கரித்துக்கொண்டு, பணிப்பெண் ஒருத்தியோடு எதிரியின் பாசறைக்குப் போகிறாள். குடித்துக் கிடந்தவனின் வாளையே உருவி, இருமுறை வெட்டித் தலையைத் துண்டிக்கிறாள். பணிப்பெண் அந்தத் தலையை உணவுப்பையில் போட்டுக்கொள்கிறாள். இருவரும் வழக்கம்போல வெளியே நடந்து ஊர் திரும்புகிறார்கள். பணிப்பெண்ணுக்கு நூலில் பெயர் இல்லை. கடைசியில் யூதித்து அவளுக்கு விடுதலை தந்தாள் என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது.

தொனாத்தெல்லோ இந்தச் சிலையை 1460ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெதிச்சிக் குடும்பத்துக்காகச் செய்தார். அது அவர்கள் மாளிகைத் தோட்டத்தில் நின்றது. 1494இல் மெதிச்சிகள் நகரை விட்டுத் துரத்தப்பட்டார்கள். மறு ஆண்டு குடியரசு அந்தச் சிலையை எடுத்துவந்து அரசு மாளிகையின் வாசலில் நிறுத்தி, பொது நலத்துக்கு எடுத்துக்காட்டாகக் குடிமக்கள் இதை நிறுவினார்கள் என்று பீடத்தில் பொறித்தது. கொடுங்கோலனை வீழ்த்திய எளியவர்களின் அடையாளம் என்பது பொருள். மெதிச்சிகளின் தோட்டத்தில் நின்றபோது அவள் பீடத்தில் வேறு வாசகம் இருந்தது. சிலை அதேதான். பீடத்து எழுத்து மட்டும் உடைமையாளருக்கேற்ப மாறியது. ஆணைக் கொல்லும் பெண் என்ற உருவத்தை அந்த நகரம் ஏற்றுக்கொண்டது, அவளைப் பெண்ணாகப் பார்க்காமல் உருவகமாக மட்டும் பார்த்தவரைக்கும்தான்.

1504 ஜனவரியில், முடியும் தறுவாயில் இருந்த தாவீது சிலையை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் நடந்தது. லியோனார்தோ தா வின்சி, பொத்திச்செல்லி எல்லாம் அதில் இருந்தார்கள். அங்கே பேசப்பட்டவை எழுதிவைக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கின்றன. முதலில் பேசியவர் அரசு மாளிகையின் கட்டியக்காரர். யூதித்து சாவின் குறி, அவள் அங்கே நிற்பது பொருந்தாது, ஒரு பெண் ஆணைக் கொல்வது நல்லதல்ல, அவளை நிறுத்திய நேரமே கெட்ட நேரம், அதன்பிறகு எல்லாம் சரிவுதான், பீசா நகரமும் நம் கையை விட்டுப் போனது என்பது அவர் பேச்சின் சாரம்.

இந்த இடத்தைப் படிக்கும் தமிழ்ப் பெண் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. 'அவ வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச நேரம்' என்று நம் ஊரில் மருமகளைப் பற்றிச் சொல்வதை, அங்கே நகரத்தின் உயர் அவையில் ஒரு சிலையைப் பற்றிச் சொன்னார்கள். போரில் தோற்றது படை. பழி வெண்கலப் பெண்ணுக்கு.

யூதித்தின் இடத்தில் தாவீது வந்தான். உருவகமாகப் பார்த்தால் இருவரும் ஒன்றுதான். இருவரும் எளியவர்கள். இருவரும் தம்மைவிடப் பெரிய எதிரியின் தலையை அவன் வாளாலேயே எடுத்தவர்கள். குடியரசுக்குச் சொல்ல வேண்டிய செய்தி மாறவேயில்லை. மாறியது உடல். அந்தக் கட்டியக்காரரின் பேச்சு இல்லாதிருந்தால், தாவீது அழகான புதிய சிலை, அதனால் முன்னே வைத்தார்கள் என்று நாமும் சொல்லிக் கடந்திருப்போம். ஆவணம் கிடைக்காத எத்தனை இடமாற்றங்களை அப்படிச் சொல்லிக் கடந்திருக்கிறோமோ.

யூதித்து முதலில் மாளிகை முற்றத்துக்கும், பிறகு சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் லோஜ்ஜா என்ற திறந்த வளைவு மண்டபத்துக்கும் போனாள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மண்டபம் அது. கட்டணம் கிடையாது. வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள் உட்பட எல்லோரும் உள்ளே நுழைந்து பார்க்கலாம். நாங்கள் போனபோது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வரைந்துகொண்டிருந்தவை இரண்டு.

முதலாவது, செல்லினியின் பெர்சியஸ். 1554இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலை. ஒரு கையில் வாள், உயர்த்திய மறுகையில் மெதூசாவின் தலை, காலடியில் அவளுடைய தலையற்ற உடல். கழுத்திலிருந்து வழியும் இரத்தம்கூட வெண்கலத்தில் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் கதையில், மெதூசா கோயிலுக்குள் ஒரு தெய்வத்தால் வன்புணர்ச்சிக்கு ஆளானவள். தண்டனையாக அவள் கூந்தலைப் பாம்பாக்கியது அந்தக் கோயிலின் பெண் தெய்வம். பெர்சியஸ் வருவது அதற்குப் பின்னால். இந்தச் சிலையைச் செய்யச் சொன்ன முதலாம் கோசிமோ, குடியரசு முடிந்தபின் ஆட்சிக்கு வந்த மெதிச்சிப் பிரபு. பெண்ணின் கையில் ஆணின் தலை இருந்த மண்டபத்தில், ஆணின் கையில் பெண்ணின் தலை வந்தது. அரசியல் செய்தி எல்லோருக்கும் விளங்கியிருக்கும். அது சொல்லப்பட்ட மொழியும் விளங்கியிருக்கும்.

இரண்டாவது, ஜம்போலோன்யாவின் சபீன் பெண். இதற்காகத்தான் யூதித்தை இரண்டாம் முறை நகர்த்தினார்கள். அவள் நின்ற வளைவின் கீழ் 1583இல் இது திறந்துவைக்கப்பட்டது. ஒரே பளிங்குக் கல்லில் மூன்று உடல்கள். கீழே குனிந்து ஒடுங்கிய முதியவன், அவனுக்கு மேல் கால் பரப்பி நிற்கும் இளைஞன், அவன் கைகளில் முறுக்கி எழும் பெண். நான்கு மீட்டருக்கு மேல் உயரம். இளைஞனின் விரல்கள் அவள் தொடையில் அழுந்தும் இடத்தில் கல் சதையாகக் குழிகிறது.

அக்கா மகள் சிலையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தாள்.

"சித்தி, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் அந்தப் பொண்ணு நம்மளப் பாக்க மாட்டேங்கறா. மேல எங்கயோ பாத்துக் கத்தறா."

"ம்."

"ஆனா அவ்வளவு அழகா இருக்கு. அதான் எரிச்சலா வருது."

அந்த எரிச்சலிலிருந்துதான் விமர்சனம் தொடங்க முடியும் என்று நினைக்கிறேன். அழகாக இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. இந்தச் சிலைக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. எங்கே நின்றாலும் உடல்களின் முறுக்கு உங்களை அடுத்த பக்கத்துக்கு இழுக்கும். நீங்கள் சுற்றிவந்தே ஆக வேண்டும். உடலின் விசையைக் கல்லில் இப்படி நிறுத்திய கை பெரிய கை. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இந்தச் சிலையின் பிறப்புக் கதை ஒன்று உண்டு. சிற்பி இதைச் செதுக்கியபோது இதற்குப் பெயர் இல்லை, கதையும் இல்லை. மூன்று உடல்களை ஒரே கல்லில் முறுக்கி எழுப்பித் தன் திறனைக் காட்டுவதே நோக்கம். செய்து முடித்தபிறகுதான், ரோம் நகரை நிறுவியவர்கள் திருவிழாவுக்கு அழைத்த அண்டை நாட்டுச் சபீன்களின் பெண்களைத் தூக்கிச் சென்ற கதையை இதற்குப் பொருத்தினார்கள். இது சிற்பியின் சமகாலத்தவரே எழுதிவைத்த செய்தி. கலை வரலாற்று நூல்கள் இதை வடிவத்தின் வெற்றியாகச் சொல்கின்றன. நான் வேறு விதமாக வாசிக்கிறேன். வன்முறையைச் சித்திரிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், உடலின் அழகை மட்டும் யோசித்த ஒரு மேதையின் கைக்கு இயல்பாக வந்த வடிவம், திமிறும் பெண்ணைப் பிடித்திருக்கும் ஆண். பெயர் பிறகு வந்தது என்பது சிலையைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. அந்த வடிவம் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்றே காட்டுகிறது.

இந்தச் சிலையின் இத்தாலியப் பெயரில் வரும் 'ராத்தோ' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றேன். ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'ரேப்' என்றார்கள், இப்போது 'அப்டக்‌ஷன்' என்கிறார்கள். தமிழில் 'சிறையெடுத்தல்' என்று சொல்லலாம், சீதைக்கு நாம் சொல்வதுபோல. அதைவிடப் பொருத்தம் 'கவர்தல்'. வெட்சித் திணையில் ஆநிரை கவர்தல் என்கிறோமே, அந்தக் கவர்தல். பிறருடைய உடைமையை வலிந்து எடுத்துப்போவது. இந்த வினையிலிருந்துதான் 'கவர்ச்சி' வந்தது. எடுத்துப்போகிறவனின் செயலைச் சொன்ன சொல், எடுத்துப்போகப்படுகிறவளின் குணமாக மாறிவிட்டது. புறநானூற்றின் மகட்பாற் காஞ்சிப் பாடல்களில் பெண் கேட்டு வேந்தன் வருவான், தந்தை மறுப்பான், ஊர் அழியப்போகிறது என்று புலவர் கவலைப்படுவார். அழிவின் காரணமாக அங்கே நிற்பது அவளுடைய அழகு. அவள் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்பதில்லை. மொழி நமக்குள் வைத்திருக்கும் இந்தக் கணக்கை ஃப்ளோரன்ஸின் பளிங்கு கண்ணுக்குத் தெரிகிறபடி செய்து வைத்திருக்கிறது. கவர்ந்து செல்லப்படும் பெண் நம்மைக் கவர்கிறாள். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்ல முடிகிறது என்பதுதான் தொந்தரவு.

லோஜ்ஜாவில் பிறகும் சிலைகள் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த பியோ ஃபேதியின் சிலையிலும் ஒருவன் பொலிக்சேனா என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டிருக்கிறான், தாய் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். கலை வரலாற்றாய்வாளர் யேல் ஈவன் 1991இல் எழுதிய கட்டுரையில் இந்த மண்டபத்தைப் பெண்களை அடக்குதலின் காட்சிக்கூடமாகவே வாசித்துக் காட்டினார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் புராணம். ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து வைத்தால் அது ஒரு வாக்கியமாகிவிடுகிறது. தொகுப்பாசிரியர் வேலை எவ்வளவு வலிமையானது என்பது கவிதைத் தொகுப்புகளில் விடுபட்ட நம் பெண்களுக்கு நன்றாகவே தெரியும்.

இத்தாலிய ஊர்களில் சிவப்பு வண்ணம் பூசிய பொது இருக்கைகளைப் பார்க்கலாம். ஆண்களால் கொல்லப்பட்ட பெண்களின் நினைவுக்கானவை. 1522 என்ற எண்ணும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் அது. நடந்த களைப்புக்கு அப்படி ஒன்றில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். லோஜ்ஜாவின் பளிங்குக்கும் இந்த மர இருக்கைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சொல்ல மாட்டேன். ஒரு சிலையைப் பார்த்து யாரும் கொலை செய்வதில்லை. ஆனால் இரண்டும் ஒரே நாட்டின் பொது இடத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பார்க்க உலகம் வருகிறது.

யூதித்தின் மூலச்சிலை இப்போது பழைய அரசு மாளிகையின் உள்ளே, லில்லி மலர்க் கூடத்தில் இருக்கிறது. வெளியே நிற்பது நகல். வெளியே நிற்கும் தாவீதும் நகல்தான், வெயிலும் மழையும் காரணம். அதனால் இதில் சதி தேட வேண்டாம். மூலச்சிலையின் எதிரே வெகுநேரம் நின்றோம். தலைக்கு மேல் ஓங்கிய வாள். முகம் முக்காட்டின் நிழலில். பார்வை யார்மீதும் இல்லை. அவள் ஒலோபெரினின் கைமீது ஒரு காலை ஊன்றி நிற்கிறாள். வெற்றிக் களிப்பு எதுவும் அந்த முகத்தில் இல்லை. நீண்ட நேரம் முடிவெடுக்க முடியாமலிருந்து இப்போதுதான் முடிவெடுத்தவள்போல இருக்கிறாள். கட்டியக்காரர் பயந்தது வாளுக்கு என்றிருந்தேன். அந்த முகத்துக்குத்தான் பயந்திருப்பார் என்று நேரில் பார்த்தபோது தோன்றியது.

உஃபிஸி அருங்காட்சியகத்துக்கு நண்பகலுக்கு முன்பதிவு செய்திருந்தோம். பொத்திச்செல்லியின் வீனஸ் முன்னால் கைபேசிகளின் காடு. டிஷியன் 1538இல் வரைந்த உர்பினோவின் வீனஸ் முன்னாலும் அப்படியே. ஆடையின்றிச் சாய்ந்து கிடந்து நம்மை நேராகப் பார்க்கும் அந்தப் பெண்ணைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் பார்க்க விரும்பியது அவளுக்குப் பின்னால், அறையின் கோடியில் இருக்கும் இரண்டு பணிப்பெண்களை. ஒருத்தி மண்டியிட்டுப் பெட்டிக்குள் துழாவிக்கொண்டிருக்கிறாள், நமக்குத் தெரிவது அவள் முதுகு. இன்னொருத்தி தோளில் துணியோடு நிற்கிறாள். எஜமானியின் ஓய்வு ஓவியமாவதற்கு அவர்களுடைய வேலை பின்னணியாக வேண்டியிருக்கிறது. பெண்களின் உடலை ஆண் பார்க்கும் விதத்தைப் பேசிய நாம், ஒரே சட்டகத்துக்குள் இரண்டு வகைப் பெண்கள் இருப்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

அதனால்தான் ஆர்தெமீசியா ஜென்திலெஸ்கியின் யூதித்து என்னை வேறு காரணத்துக்காக நிறுத்தியது. 1620ஐ ஒட்டி வரையப்பட்ட ஓவியம். கட்டிலில் ஒலோபெரின். யூதித்து இடக்கையால் அவன் முடியைப் பற்றித் தலையை அழுத்தியிருக்கிறாள், வலக்கையில் வாள். கைச்சட்டை முழங்கைக்கு மேல் சுருட்டப்பட்டிருக்கிறது. இரத்தம் பீய்ச்சி அவள் மார்பில் தெறிக்கிறது. பணிப்பெண் அவன்மீது ஏறித் தன் முழு எடையோடும் அவனை அமுக்குகிறாள். விவிலியத்தில் கொலை நடக்கும்போது பணிப்பெண் வெளியே காத்திருக்கிறாள். கரவாஜியோ வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் அவள் துணியை விரித்தபடி அருகே நிற்கும் கிழவி. அங்கே யூதித்தும் அருவருப்போடு பின்வாங்கிய உடலாகவே இருக்கிறாள். ஆர்தெமீசியா பணிப்பெண்ணை இளையவளாக்கினார், வலிமையானவளாக்கினார், வேலையில் பாதியை அவள் கையில் கொடுத்தார். இரண்டு பேரின் முகத்திலும் வெறுப்பில்லை. கனமான ஒன்றைச் சேர்ந்து தூக்குகிற பெண்களிடம் காணும் கவனம் இருக்கிறது. ஒருத்தியால் முடியாது, இருவர் வேண்டும் என்பது இந்த ஓவியத்தின் உடற்கூற்று அறிவு. அதுவே அதன் அரசியல் அறிவும்.

ஆர்தெமீசியாவைப் பற்றி எழுதும் எவரும் 1611க்குப் போகாமல் இருப்பதில்லை. அவர் தந்தையின் சக ஓவியரான அகொஸ்தீனோ தாஸ்ஸி அவரை வன்புணர்ந்தார். 1612இல் ரோமில் ஏழு மாதம் வழக்கு நடந்தது. உண்மையைச் சோதிக்க, விரல்களில் கயிறு சுற்றி இறுக்கும் சித்திரவதை குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அல்ல, அவருக்கு நடந்தது. விரல்தான் ஓவியரின் பிழைப்பு. அவர் சாட்சியத்தை மாற்றவில்லை. தாஸ்ஸி குற்றவாளி என்று தீர்ப்பானது, தண்டனை நடைமுறைக்கு வரவில்லை. வழக்குப் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு ஓவியத்தின் முன் நிற்பவர்களுக்கு ஒலோபெரின் தாஸ்ஸியாகவும் யூதித்து ஆர்தெமீசியாவாகவும் தெரிவது இயல்பு. பழிவாங்கும் ஓவியம் என்று ஒரு வழிகாட்டி தன் குழுவுக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்ததைக் கேட்டேன்.

அந்த ஒரு வரியில் எனக்கு வழக்கு இருக்கிறது. வழக்கு முடிந்ததும் அவர் மணமாகி ஃப்ளோரன்ஸுக்கு வந்தார். 1616இல் நகரின் ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார். அதில் இடம்பெற்ற முதல் பெண் அவர். பிள்ளைகள் பெற்றார், கடன் வாங்கினார், எழுதப் படிக்கக் கற்றார், பிரபு இரண்டாம் கோசிமோவிடம் வேலை பெற்றார். உஃபிஸியில் இருக்கும் ஓவியம் அந்தத் தொழில்முறை ஓவியர் செய்தது. பிரபு 1621இல் இறந்தபின் பேசிய பணம் வரவில்லை. கலிலியோவின் உதவியோடுதான் அதை வாங்க முடிந்தது. ஓவியமும் நெடுங்காலம் கண்ணில் படாத இடத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. வன்முறை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். சதுக்கத்தில் மெதூசாவின் வெண்கல இரத்தம் அப்போதும் எல்லோரும் பார்க்கத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெண் எழுதுவதை அவள் காயத்தின் சாட்சியமாக மட்டும் வாசிப்பது நமக்குப் புதிதல்ல. ஒரு கருத்தரங்கில் நான் கவிதை வாசித்து முடித்ததும் தலைமை வகித்தவர் கேட்ட முதல் கேள்வி, "இது உங்க வீட்ல நடந்ததாம்மா?" என்பது. படிமத்தைப் பற்றியோ சொல்லைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. ஆண் கவிஞன் மரணத்தை எழுதினால் தத்துவம். பெண் எழுதினால் எந்த வீட்டுச் சாவு என்று விசாரணை. பரிவோடு கேட்கப்பட்டாலும் அந்தக் கேள்வி கலைஞரை மீண்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது. 1612இல் நடந்ததும் அதுதான்.

அதற்காக, காயத்தைப் பேசாதீர்கள், கலையை மட்டும் பாருங்கள் என்கிற தரப்பிலும் நான் இல்லை. அது இன்னொரு வகை அழிப்பு. ஜம்போலோன்யாவின் சிலையை வடிவமாக மட்டும் பார்க்கச் சொல்பவர்கள் கேட்பதும் அதையேதான். காயம் ஓவியருக்கு ஒரு அறிவைக் கொடுத்திருக்கலாம். திமிறும் உடலை அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது அவருக்கு எந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவை நிறமாகவும் நிழலாகவும் மாற்றியது பல ஆண்டுத் தொழில் பயிற்சி. விமர்சனம் இரண்டையும் பேசக் கடன்பட்டிருக்கிறது. முதலாவதைப் பேச இரக்கம் போதும். இரண்டாவதைப் பேச ஓவியம் தெரிய வேண்டும். நாம் இரக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உஃபிஸியிலிருந்து வெளியே வந்தால் சில நிமிட நடையில் பொன்தே வெக்கியோ பாலம். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரின் மற்றப் பாலங்களைத் தகர்த்தது. இந்தப் பாலத்தை விட்டுவைத்து, அதன் இரு முனைகளிலும் இருந்த வீடுகளைத் தகர்த்தது. அந்த அழிவில் அன்னா பான்தி என்ற எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி ஒன்று போனது. அது ஆர்தெமீசியாவைப் பற்றிய நாவல். அவர் அதை மீண்டும் எழுதினார். 1947இல் வெளிவந்த 'ஆர்தெமீசியா', போபோலித் தோட்டத்தில் தஞ்சம் புகுந்த கூட்டத்தின் நடுவே, இழந்த பிரதிக்காக அழும் எழுத்தாளரோடு தொடங்குகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியர் அவரோடு பேசத் தொடங்குகிறார். நாவல் முழுக்க இருவரும் பேசுகிறார்கள், பிணங்குகிறார்கள். கலை வரலாறு படித்த பான்தி, ஆர்தெமீசியாவைத் தனக்கு முழுதும் தெரியும் என்று எங்கும் பாவனை செய்வதில்லை. முன்னோடியைத் தெய்வமாக்காமல், பலியாளாகவும் ஆக்காமல், உரையாடக்கூடிய இன்னொரு பெண்ணாக வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கு இந்த நாவலைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

மாலை ரயிலுக்குத் திரும்பும் வழியில், ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கூட்டம் இல்லை. அங்கே ப்ளவுதில்லா நெல்லி வரைந்த இறுதி இராவுணவு இருக்கிறது. நெல்லி 1524இல் பிறந்து, பதினான்கு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1588இல் இறந்தவர். மடத்தில் ஓவியக்கூடம் நடத்தினார், படங்களை விற்றார், மடத் தலைவியாகவும் இருந்தார். இந்த ஓவியம் ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளம். தன் மடத்தின் உணவுக்கூடத்துக்காக வரைந்தது. பின்னாளில் ஆண் துறவிகளின் மடத்துக்குப் போய், பொதுமக்கள் பார்வைக்கு வராமலே கிடந்தது. 'அட்வான்சிங் விமன் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற அமைப்பு நான்கு ஆண்டுகள் செப்பனிடச் செய்து, 2019 அக்டோபரில்தான் அது மக்கள் பார்வைக்கு வந்தது.

வசாரி 1568இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்றில் நெல்லிக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஆண்களைப்போல உயிருள்ள உடலைப் பார்த்துப் பயிலும் வாய்ப்பு இருந்திருந்தால் அற்புதங்கள் செய்திருப்பார் என்கிறார். ஓவியத்தில் அது தெரியத்தான் செய்கிறது. சில சீடர்களின் உடல் ஆடைக்குள் இறுகிக் கிடக்கிறது, முகங்கள் மென்மையாக இருக்கின்றன. கன்னியர் மடத்தில் அவருக்கு மாதிரியாக அமர்ந்திருக்கக்கூடியவர்கள் பெண்கள்தான். ஆனால் மேசைக்கு வந்தால் கை தயங்குவதே இல்லை. மடிப்புக் கலையாத மேசைவிரிப்பு, ரொட்டி, திராட்சை இரசம், ஆட்டிறைச்சி, கீரை, அவரைக்காய். சமைத்தும் பரிமாறியும் பழகியவர்கள் சாப்பிட உட்கார்ந்த கூடத்துக்கு எழுதிய ஓவியம் இது. அக்கா மகள் அவரைக்காயைக் காட்டிச் சிரித்தாள். "இவ்ளோ பெரிய சம்பவம் நடக்குது, இவங்க காய மறக்கல பாருங்க சித்தி."

அந்த ஓவியத்தில் நெல்லி தன் பெயரை எழுதி, ஓவியருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று இலத்தீனில் ஒரு சிறு தொடரைச் சேர்த்திருக்கிறார். ஓவியன் என்று பொருள்படும் 'பிக்தோர்' என்ற சொல்லைப் பெண்பாலாக்கி 'பிக்தோரா' என்று எழுதியிருக்கிறார். கவிஞர் என்றாலே போதும், கவிதாயினி வேண்டாம் என்று நாம் இங்கே வாதாடுகிறோம். அதற்கு நியாயம் இருக்கிறது. 'கவிதாயினி' நமக்குப் பிறர் சூட்டியது, தனி வரிசையில் உட்கார வைப்பதற்காக. 'பிக்தோரா' தானே எழுதிக்கொண்டது, கையொப்பத்தில், ஆண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அளவிலும் பொருளிலும் ஏழு மீட்டர் வரைந்து முடித்தபிறகு. ஒரே இலக்கணம், எழுதிய கையைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

வேண்டுதல் எனக்குப் பழக்கமில்லை. அதற்கு ஈடாக என் தொழிலில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெண் என்பதால் சலுகை தராமல், பெண் என்பதால் ஒதுக்காமல், இந்தச் சீடனின் தோள் சரியாக வரவில்லை, இந்த மேசை அருமையாக வந்திருக்கிறது என்று அவர் ஓவியத்தை ஓவியமாகப் பேசுவது. ஜம்போலோன்யாவின் கைத்திறனை நூற்றாண்டுகளாக விரல் விரலாகப் பேசியிருக்கிறார்கள். ப்ளவுதில்லா நெல்லியின் அவரைக்காயைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். மாணவிகள் யாராவது அதை எழுதினால் நான் படிக்கக் காத்திருக்கிறேன்.